தேக்கா மளிகைக் கடை வரை நீண்ட அரிசித் தடை

தோசைக்குப் புழுங்கல், பொங்கலுக்குப் பச்சரிசி என்று பிரித்து வாங்குவது நம் வீட்டுப் பழக்கம். 2023ல் அந்த வேறுபாடு அனைத்துலக வர்த்தகச் செய்தியாகிவிட்டது.

அவ்வாண்டு ஜூலை 20ஆம் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. தடை பச்சரிசிக்குத்தான், புழுங்கலுக்கு இல்லை. ஆனால், பதற்றம் வந்தபின் யார் அதைப் பிரித்துப் பார்க்கிறார்கள்? அமெரிக்காவில் இந்திய மளிகைக் கடைகளில் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிய காணொளிகள் நம் கைப்பேசிகளுக்கும் வந்தன. ஆகஸ்ட் 25ஆம் தேதி புழுங்கலுக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதிக்கப்பட, இட்லி அரிசியும் தப்பவில்லை.

இந்தியாவில் அரிசியின் சில்லறை விலை ஓராண்டில் 11.5 விழுக்காடு ஏறியிருந்தது. எல் நினோவால் மழை பொய்க்குமோ என்ற அச்சம் வேறு. சொந்த மக்களுக்கு முதலில் என்று ஓர் அரசாங்கம் நினைப்பதில் தவறு காண முடியாது. சிக்கல் என்னவென்றால், உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவுடையது. உலகில் விளையும் அரிசியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் எல்லை தாண்டுகிறது. அந்தச் சிறிய சந்தையில் பெரிய வியாபாரி கடையை மூடினால், எல்லாரும் தாய்லாந்து, வியட்னாம் வாசலில் நிற்பார்கள். அங்கும் விலை ஏறியது. தடைக்கு மூன்று நாள் முன்னர்தான், உக்ரேனின் தானியம் கருங்கடல் வழியே செல்ல வகைசெய்த உடன்பாட்டிலிருந்து ரஷ்யா விலகியிருந்தது.

சிங்கப்பூர் 2022ல் இறக்குமதி செய்த அரிசியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. பாஸ்மதி அல்லாத வகை அதில் 17 விழுக்காட்டுப் புள்ளி. மற்றவை 30க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வருகின்றன. அரிசி இறக்குமதியாளர்கள் இரண்டு மாதத்துக்கான அரிசியைக் கிடங்கில் இருப்பு வைப்பதும் இங்கு கட்டாயம். அதனால் பட்டினி அச்சம் எழவில்லை. ஆனால், தாய்லாந்து அரிசி வயிற்றை நிரப்பும். பொன்னிக்குப் பழகிய நாக்குக்கு அது வேறு சாப்பாடு.

ஆகஸ்ட் இறுதியில், நட்புறவைக் காரணம் காட்டி 50,000 டன் அரிசியைச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதி செய்ய இந்தியா அனுமதித்தது. கேட்டதும் கிடைக்கும் நட்பு எல்லா நாடுகளுக்கும் வாய்ப்பதில்லை.

வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பர் 28ஆம் தேதி நீங்கியது. 2022ல் தொடங்கிய நொய்யரிசித் தடை மட்டும் 2025 மார்ச் வரை நீடித்தது.