ஆக்டேன் கூடினால் மைலேஜ் கூடுமா?

நம் தொழிலில் சரக்கு விலைக்கு அடுத்தபடியாக லாபத்தைக் கரைப்பது வண்டிச் செலவு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம், வத்திராயிருப்பு, ராஜபாளையம் என்று லைனுக்குப் போகும் மொபெட்டுக்கும் பெட்ரோல் வேனுக்கும் தினமும் செலவு எழுதுகிறோம். விலை கூடிய பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடும் என்ற பேச்சை நம்பி, நாங்களும் கடை மொபெட்டுக்கு ஒரு மாதம் போட்டுப் பார்த்தோம். நோட்டில் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் இதுதான்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தியைக் குறிக்கும் எண் அல்ல. இன்ஜினுக்குள் அழுத்தப்படும் பெட்ரோல், பிளக் பற்றவைத்த தீ வந்து சேருமுன் தானாகவே பற்றிக்கொண்டால் இன்ஜின் தட்டும். அப்படித் தட்டாமல் தாங்கும் திறனே ஆக்டேன். அழுத்தம் அதிகமுள்ள இன்ஜினுக்கு அது அதிகம் வேண்டும். மற்ற வண்டிகளுக்குக் கையேட்டில் சொன்ன அளவே போதும். டீசல் வண்டிக்கு ஆக்டேன் கணக்கே கிடையாது. அதற்குச் சீட்டேன் என்ற வேறு அளவு உண்டு.

இதற்குக் கண்கண்ட சான்று எத்தனால் கலந்த பெட்ரோல். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 91. 20 சதவீதம் எத்தனால் சேர்ந்ததும் அது 95 ஆகிவிட்டது. ஆனால் எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஆக்டேன் கூடியும் மைலேஜ் குறைகிறது. பழைய அமைப்புள்ள இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும், கார்களில் 6 முதல் 7 சதவீதமும் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டது.

கம்பெனிப் பெயரிலும் பெரிய வேறுபாடு இல்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே இந்தியத் தரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தங்களுக்குள் சரக்கைப் பரிமாறியும் கொள்கின்றன. விலை கூடிய வகையில் சேர்க்கும் மருந்து இன்ஜினுக்குள் அழுக்குப் படிவதைக் குறைக்கும். அது மைலேஜுக்கு உத்தரவாதம் ஆகாது.

கணக்குப் பார்ப்போம். லிட்டர் 100 ரூபாய், உயர்வகை 108 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்பவே மைலேஜ் 8 சதவீதம் கூட வேண்டும். மாதம் 60 லிட்டர் போடும் கடைக்கு 480 ரூபாய் கூடுதல் செலவு. ஒரு சிப்பம் பருப்பில் நமக்கு நிற்கும் லாபத்தை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

ஆகவே டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்து, மறுமுறை நிரப்பும்போது வகுத்துப் பாருங்கள். டயர் காற்று, ஏர் பில்டர், ஏற்றும் பாரம் இவற்றைக் கவனியுங்கள். அளவில் சந்தேகம் வந்தால், பங்க்கில் உள்ள முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். நம் தராசுக்கு முத்திரை கேட்பதுபோல, அதைக் கேட்பதும் நமது உரிமையே.