நந்தம்பாக்கம் போர்க் கல்லறை: ட்ரேடு சென்டர் போகும் வழியில் உறங்குபவர்கள் யார்?

வீக்எண்டில் ஈசிஆர் பிடித்துப் பாண்டி போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் உப்புக் குவியல்கள்தான். ஒரு செல்ஃபி, ஒரு இளநீர், அவ்வளவுதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், இந்தக் கரையோரமாகத்தான் தெற்கே போனது. 'அவன் சரியான எம்டன்டா' என்று வீட்டில் சொல்கிறார்களே, அதே எம்டன்!

அந்தப் போரின் நினைவுகள் இந்தச் சாலையின் இரண்டு முனைகளிலும் இருக்கின்றன. தெற்கே, புதுச்சேரி கடற்கரையில் பிரெஞ்சுப் போர் நினைவிடம். வடக்கே, சென்னை மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் மெட்ராஸ் போர்க் கல்லறை. ட்ரேடு சென்டருக்குப் போகும்போது பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் இடம்.

உள்ளே 850-க்கும் மேற்பட்ட இரண்டாம் உலகப் போர் கல்லறைகள். இவர்கள் சென்னையில் நடந்த சண்டையில் இறந்தவர்கள் இல்லை. தென், கிழக்கு இந்தியாவில் பல ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சிதறிக் கிடந்தவர்கள். அங்கெல்லாம் நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்பதால், 1952-ல் இந்த இடத்தை உருவாக்கி இங்கே கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தனி நினைவுச் சின்னமும் இதே வளாகத்தில் உண்டு.

பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917-ல் தொடங்கப்பட்டது. அதிகாரியோ சிப்பாயோ, எல்லோருக்கும் ஒரே மாதிரி கல் என்பது அதன் கொள்கை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம ஊர் சிப்பாய்கள் எங்கே? இந்துக்களைப் பெரும்பாலும் எரித்துவிட்டதால் கல்லறை இல்லை. நினைவுச் சுவரில் பெயர் மட்டும்தான் மிஞ்ச வேண்டும். அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தவர்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாக முடித்துவிட்டார்கள். ஆணையமே 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, சிலருக்கு எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்கள். ஆக, 'எல்லோரும் சமம்' என்ற கொள்கை எழுதப்பட்ட காலத்திலேயே மீறப்பட்டிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் 'கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்குப் போனவர், திரும்பி வரலை' என்று யாராவது சொல்லியிருந்தால், ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். ஒரு டிப்ஸ்: நம் பெயர்களை வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். 'முனுசாமி' என்று ஒரே ஸ்பெல்லிங்கில் தேடிவிட்டு விட்டுவிடாதீர்கள்; நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.