எடைக்குப் போட்ட பேப்பர்ல பூத்த பூ!

செமஸ்டர் முடிஞ்சதும் பழைய நோட்ஸ், ஜெராக்ஸ் கட்டு எல்லாத்தையும் என்ன பண்ணுவீங்க? எடைக்குப் போட்டு, வர்ற காசுல கேன்டீன்ல சமோசா! கரெக்ட்டா? ஸ்ரீநகர்ல அதே மாதிரி வேஸ்ட் பேப்பர்லதான் மூடி போட்ட, பூ பூத்த நகைப்பெட்டி செய்யறாங்க!

கைவினைப் பொருள் கண்காட்சியில காஷ்மீர் ஸ்டாலை எட்டிப் பார்த்திருக்கீங்களா? உள்ளங்கை சைஸ்ல பளபளன்னு உட்கார்ந்திருக்குமே, அதுதான் 'பேப்பியே மாஷே'. பிரெஞ்சு வார்த்தை. அர்த்தம்... 'மென்ற காகிதம்'!

பேர்தான் பிரெஞ்சு. ஊர் காஷ்மீர். 15-ம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன், மத்திய ஆசியாவிலேர்ந்து கைவினைஞர்களை வரவழைச்சு வளர்த்த கலைன்னு சொல்றாங்க. ஆரம்பத்துல பேனா வைக்கிற பெட்டிகள்தான் ஸ்பெஷல். 19-ம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகள் இந்த மாதிரிப் பெட்டிகள்ல பிரான்ஸுக்குப் போக, அங்கே பெட்டிக்கே தனி கிராக்கி! 1870-ல பிரான்ஸ்-பிரஷ்யா போர் வந்து சால்வை வியாபாரம் படுத்துடுச்சு. பெட்டி பிழைச்சுக்கிச்சு. ஹீரோவுக்கு ஃப்ரெண்டா வந்த காமெடியன், தனி ஹீரோ ஆன கதைதான்!

ஒரு பெட்டிக்குப் பின்னாடி ரெண்டு பேர் இருக்காங்க. முதல் ஆள் 'சக்த்ஸாஸ்'. பேப்பரை நாள்கணக்குல ஊறவெச்சு, இடிச்சு, அரிசிக் கஞ்சி கலந்து கூழாக்கி, அச்சு மேல அப்பிக் காயவைப்பார். காய்ஞ்சதும் அறுத்து எடுத்து ஒட்டி, அரம் போட்டுத் தேய்ப்பார். அடுத்தது சுண்ணப்பூச்சு. அதையும் சுட்ட செங்கல் துண்டால வழவழன்னு தேய்ச்சாகணும்.

ரெண்டாவது ஆள் 'நக்காஷ்', அதாவது ஓவியர். பூனை முடி, ஆட்டு முடியில கட்டின பிரஷ். கை பழகினவங்க பென்சில்ல கோடுகூடப் போட மாட்டாங்க, நேரா பெயின்ட்தான்! ரோஜா, சினார் இலை, நடுவுல ஒரு குருவி... இண்டு இடுக்கு விடாம பூவா நிரப்பற டிசைனுக்கு 'ஹஸாரா'ன்னு பேர். ஆயிரம் பூன்னு அர்த்தம். கடைசியா வார்னிஷ். பளபளப்பு ரெடி!

சரி, இதுல என்ன பிரச்னை? கூழ் காய நாளாகும். ரெடிமேட் அட்டைப் பெட்டி, மரப்பெட்டி மேல பூ போட்டா வேலை சீக்கிரம் முடியும். பாவம் சக்த்ஸாஸ், கூழ் இடிக்கிற வேலை குறைஞ்சுகிட்டே வருது. மாசக்கணக்குல குனிஞ்சு பழக வேண்டிய தொழில்ல, கிடைக்கிற கூலியைப் பார்த்துட்டு உங்க வயசுப் பசங்க வேற வேலைக்குக் கிளம்பறாங்க. 2021-ல ஸ்ரீநகரை கைவினை, நாட்டுப்புறக் கலைக்கான 'படைப்பு நகரம்'னு யுனெஸ்கோ அறிவிச்சது. பெருமைதான். ஆனா, பட்டம் அடுப்பு எரிக்காதே பாஸ்!

நாம என்ன பண்ணலாம்? அடுத்த தடவை அந்தப் பெட்டியைக் கையில எடுத்தா, 'கூழா, அட்டையா?'ன்னு கேளுங்க. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு பூவை உத்துப் பாருங்க. அச்சு அசலா ஒண்ணா இருந்தா, பிரின்ட்டான்னு சந்தேகப்படலாம். ஒரு இதழ் லேசா சாய்ஞ்சு, இன்னொண்ணு கொஞ்சம் தடிச்சு இருந்தா, அங்கே ஒருத்தரோட கை இருக்கு.

அப்புறம் 'பாதி விலைக்குத் தருவீங்களா?'ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. அந்தச் சாய்ஞ்ச இதழுக்குத்தான் காசு!