பால் பைதானுக்குப் பால் வேண்டாம்!



ஒருநாள் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் செய்தித்தாளும் கையுமாக ஓடி வந்தான்.

"தாத்தா, இந்தப் பாம்போட பேரு பால் பைதானாம். இது பால்தான் குடிக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடேய், இது நாம காபியில ஊத்துற பால் இல்லடா! இங்கிலீஷ்ல பால்னா பந்து" என்றேன்.

பயந்துவிட்டால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும். அதனால்தான் இந்தப் பெயர். ஆப்பிரிக்காவின் மேற்கு, மத்தியப் பகுதிகளில் வாழும் சிறிய மலைப்பாம்பு இது. மூன்று முதல் ஐந்து அடி நீளம் வளரும். விஷம் கிடையாது. பல நாடுகளில் வீட்டில் வளர்க்கிறார்கள். நம் நாட்டுக்குத் திருட்டுத்தனமாகவும் கொண்டு வருகிறார்கள். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் 45 பால் பைதான்கள் இருந்தன! அவற்றைப் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பினார்கள்.

"சரி தாத்தா, அதுக்கு என்னதான் சாப்பாடு?"

எலிதான் சாப்பாடு!

பாம்பு எதுவுமே பால் குடித்து வளர்வதில்லை. பாலைச் செரிக்கும் சக்தி அதன் வயிற்றுக்கு இல்லை. பல நாள் தண்ணீர் காட்டாமல் தாகத்தில் வாட விட்ட பாம்புதான் பாலில் வாய் வைக்கும். அதற்குத் தேவை சுத்தமான தண்ணீரும் எலியும்தான்.

எவ்வளவு பெரிய எலி? பாம்பின் உடம்பில் மிகப் பருமனான இடம் எவ்வளவு இருக்கிறதோ, எலியும் அந்தப் பருமன் இருந்தால் போதும். 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு 10 முதல் 15 கிராம் எடையுள்ள சுண்டெலி, வாரம் ஒன்று. வளர்ந்த பாம்புக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஓர் எலி. அதற்கு மேல் கொடுத்தால் கொழுப்பு சேர்ந்து நோய் வரும். சில சமயம் மாதக் கணக்கில் சாப்பிடாமலும் இருக்கும். எடை குறையாமல் இருந்தால் கவலை இல்லை. வாயைத் திறந்து திணிக்கக் கூடாது.

உயிருள்ள எலியை உள்ளே விடவும் மாட்டார்கள். ஏன் தெரியுமா? பசியில்லாத பாம்பு சும்மா படுத்திருந்தால் எலி அதைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். அதனால் உறைய வைத்த எலியை எடுத்து, குளிர் விட்டதும் வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, நீண்ட இடுக்கியால் நீட்டுவார்கள். இந்தப் பாம்பின் உதட்டில் சிறு குழிகள் உண்டு. சூட்டைக் கண்டுபிடிக்கும் குழிகள் அவை. எலி வாசனையோடு கையை நீட்டினால், சூடான கையும் அதற்கு எலிதான்!

சாப்பிட்ட பிறகு...

குழந்தைகளே, முக்கியமான பாடம் இனிமேல்தான். சாப்பிட்ட பாம்பை இரண்டு நாளாவது தொடக் கூடாது. அது செரிக்க வெதுவெதுப்பான இடமும் அமைதியும் வேண்டும். பர்மிய மலைப்பாம்பின் இதயம் சாப்பிட்ட இரண்டே நாளில் 40 சதவீதம் பெரிதாகிவிடுவதை 2005ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். செரிப்பது அதற்கு அவ்வளவு பெரிய வேலை! அந்த நேரத்தில் தொந்தரவு செய்தால் விழுங்கியதை வாந்தி எடுத்துவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு, களக்காடு பக்கம் ஒரு வாழைத்தோட்டத்து வரப்பில் நம் ஊர் மலைப்பாம்பு ஒன்று ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடந்தது. ஊரே கூடிவிட்டது. என் வகுப்புப் பையன்கள் கம்பால் குத்தினார்கள். பாம்பு குட்டியைக் கக்கிவிட்டு வாய்க்காலில் இறங்கிப் போனது. ஆட்டுக்காரருக்கு ஆடும் போயிற்று, பாம்புக்குப் பல வாரச் சாப்பாடும் போயிற்று. வாத்தியாரான நான் தடுக்காமல் வேடிக்கை பார்த்தேன். இன்றும் அது என் மனதை உறுத்துகிறது.

வீட்டில் வளர்க்கலாமா?

"நாமளும் ஒண்ணு வளர்ப்போமா தாத்தா?" என்றான் பேரன்.

நம் ஊர் மலைப்பாம்பை வளர்க்கவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலியைப் போலவே முதல் அட்டவணையில் இருக்கிறது மலைப்பாம்பு. பிடித்தாலோ கொன்றாலோ சிறைத் தண்டனை உண்டு. பால் பைதான் போன்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்களும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதுமட்டுமா? நல்ல கவனிப்பில் பால் பைதான் 20, 30 வருடம் வாழும். நீங்கள் படித்து, வேலைக்குப் போன பிறகும் அதற்கு எலி தேடிக்கொண்டிருக்க வேண்டும்!

நமக்கு எதற்கு அந்தச் சிரமம்? தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறை, 1988ஆம் ஆண்டு முதல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மலைப்பாம்புக்கு யாரும் இடுக்கியால் எலி நீட்ட வேண்டாம். வயலுக்கு வந்தாலும் எலியையும் பெருச்சாளியையும் தின்று விவசாயிக்கு உதவியே செய்கிறது.

நாளை உங்கள் தோட்டத்தில் வயிறு புடைத்த மலைப்பாம்பு கிடந்தால் என்ன செய்வீர்கள்? கிட்டே போகாதீர்கள். கல் எறியாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள். அவர்கள் வரும்வரை யாரும் கம்பை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்கள்தானே?