புல்தரைக்கு ஒரு பேரேடு

சங்கங்களின் கணக்குகளை ஆய்வு செய்யும் பொருட்டு ஊர் ஊராகச் செல்லும் நமக்கு, கணக்குப் புத்தகத்துக்கு அப்பாற்பட்ட வினாக்களும் வந்து சேர்வதுண்டு. அண்மையில் ஒரு சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம் முடிந்தபின், தென்னந்தோப்பு வைத்திருக்கும் வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகினார்.

"ஐயா, என் மகள் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்தில் குடியிருக்கிறாள். வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்க மூளையுள்ள கருவி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். தண்ணீர்க் கட்டணம் குறையும் என்றார்கள், கூடியிருக்கிறது! என் தோப்பின் சொட்டு நீருக்கும் அப்படி ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறாள். வாங்கலாமா, வேண்டாமா?"

அருகில் நின்ற நெசவாளர் ஒருவர், "தின்னாத புல்லுக்கா இத்தனை தண்ணீர்?" என்று வியந்தார். இவ்விரு வினாக்களும் நல்ல வினாக்களே. இவற்றுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலைவனத்தில் பசும்புல்

லாஸ் வேகாஸ், நெவாடா மாநிலத்துப் பாலைவனத்தின் நடுவே அமைந்த நகரம். அங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 4 அங்குலமே. நகருக்கு வேண்டும் நீரில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து, ஹூவர் அணையால் தேங்கி நிற்கும் மீட் ஏரியின் வழியாக வருகிறது. அவ்வேரியின் நீர்மட்டம் 2022 ஜூலையில், அது முதன்முதலாக நிரம்பிய 1930களுக்குப் பின் எக்காலத்தும் கண்டிராத அளவு தாழ்ந்துபோயிற்று.

அந்நகரத்தில் ஒரு சதுர அடிப் புல்தரையைப் பசுமையாக வைத்திருக்க, ஆண்டொன்றுக்கு 73 காலன், அதாவது சுமார் 276 லிட்டர் நீர் வேண்டும் என்பது தென் நெவாடா நீர் ஆணையத்தின் கணக்கு. அதே ஒரு சதுர அடியில் ஆண்டு முழுதும் விழும் மழையோ சுமார் 9 லிட்டர்தான். எனவே புல்லைப் பெயர்த்துவிட்டுப் பாலைவனச் செடிகளை வைப்போர்க்கு அவ்வாணையம் 1999 முதல் பணம் கொடுத்து ஊக்குவித்து வந்திருக்கிறது. மேலும், எவருக்கும் பயன்படாத அலங்காரப் புல்தரைகளுக்கு 2026ஆம் ஆண்டின் முடிவுக்குப் பின் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சலாகாது என்று 2021இல் நெவாடாவில் சட்டம் இயற்றப்பட்டது. தனித்தனிக் குடும்ப வீடுகளின் புல்தரைக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. ஆயினும் எந்தப் பருவத்தில் வாரத்துக்கு எத்தனை நாள் நீர் தெளிக்கலாம் என்னும் விதி அவர்களையும் கட்டுப்படுத்தும். குளிர்காலத்தில் வாரம் ஒரு நாள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மூன்று நாள். கோடையில் ஆறு நாள் வரை. ஞாயிற்றுக்கிழமை என்றுமே கூடாது.

இத்தகைய ஊரில் ஒரு லிட்டர் நீரும் கணக்கில் வர வேண்டியது இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடிகாரக் கருவியும் ஜக்கார்டு அட்டையும்

அந்நாட்டு வீடுகளில் புல்தரையின் அடியில் குழாய்கள் புதைக்கப்பட்டிருக்கும். தரையைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் மின்விசையால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு ஒன்று வைத்திருப்பார்கள். சுவரில் மாட்டிய கண்ட்ரோலர் என்னும் பெட்டி, வேளை வந்ததும் 24 வோல்ட் மின்சாரத்தை அனுப்பி வால்வைத் திறக்கும். உடனே தெளிப்பான்கள் நிலத்திலிருந்து தலை தூக்கி நீரைத் தெளிக்கும்.

பழைய வகைப் பெட்டி வெறும் கடிகாரமே. ஜக்கார்டு தறியில் நெசவு செய்யும் அன்பர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். குத்திய அட்டை எப்படியோ அப்படியே பூ விழும். பாவு நூல் அறுந்திருப்பதை அட்டை அறியாது. கடிகாரக் கருவியும் அத்தகையதே. "காலை 5 மணி, 20 நிமிடம்" என்று குறித்துவிட்டால், மழை பெய்துகொண்டிருந்தாலும் அது நீரைத் தெளிக்கும். கோடையில் குறித்த அளவைக் குளிர்காலத்தில் மாற்ற மறந்தால், அதே அளவு தொடரும். இத்தகைய கடிகாரக் கருவி உள்ள வீடுகள், அது இல்லாத வீடுகளைவிட வெளிப்புறத்தில் சுமார் 50 விழுக்காடு மிகுதியாக நீர் செலவிடுகின்றன என அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகிறது.

இக்குறையை நீக்க வந்ததே ஸ்மார்ட் கண்ட்ரோலர் எனப்படுவது. இதில் இரு வகை உண்டு. ஒன்று, வானிலைச் செய்திகளை இணையத்தின் வழியாகவோ சொந்த உணரியின் வழியாகவோ பெற்று நேரத்தைக் கணிப்பது. மற்றொன்று, மண்ணில் புதைத்த உணரியால் ஈரத்தை அறிந்து, போதிய ஈரம் இருப்பின் தெளிப்பைத் தடுத்து நிறுத்துவது. மேற்சொன்ன முகமை முதல் வகைக்கு 2011இலும், இரண்டாம் வகைக்கு 2021இலும் தர விதிகளை வகுத்தது.

மண்ணின் பற்று வரவு

வானிலைக் கருவி என்னதான் செய்கிறது? மந்திரம் ஒன்றுமில்லை. சங்கத்தின் எழுத்தர் செய்யும் வேலையையே அதுவும் செய்கிறது, பேரேடு எழுதுகிறது.

வேர் பரவியுள்ள மண்ணை ஒரு சேமிப்புக் கணக்காகக் கொள்ளுவோம். மழையும் பாசனமும் வரவு. மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியே வெளியேறுவதும் சேர்ந்த நீராவிப்போக்கு பற்று. இப்பற்றை வெப்பம், வெயில், காற்றின் ஈரம், காற்றின் வேகம் ஆகிய நான்கையும் கொண்டு கணக்கிடலாம் என்று 1948இல் வழிகாட்டியவர் பென்மன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. அம்முறையின் திருந்திய வடிவத்தை உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1998இல் பொது முறையாக வெளியிட்டது. கலிபோர்னியா மாநிலம் 1982 முதல் பல இடங்களில் நிலையங்கள் அமைத்து இவ்வெண்களை மக்களுக்கு வழங்கி வந்துள்ளது.

ஓர் உதாரணம் காண்போம். கணக்கு எளிதாவதற்கு ஒன்றை நினைவிற் கொள்க: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நின்ற நீர் சரியாக ஒரு லிட்டர்.

கோடையில் ஒரு நாளைய நீராவிப்போக்கு 8 மி.மீ. என்று கொள்வோம். குளிர்நாட்டுப் புல்வகைக்கு அதில் பத்தில் எட்டுப் பங்கு போதும். எனவே நாளொன்றுக்குப் பற்று 6.4 மி.மீ.; 100 சதுர மீட்டர் புல்தரைக்கு 640 லிட்டர். வேர் 20 செ.மீ. ஆழம் செல்கிறது. நடுத்தர வண்டல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செடிக்கு உதவக்கூடிய நீராக 150 மி.மீ. வைத்திருக்குமாயின், 20 செ.மீ. மண்ணின் இருப்பு 30 மி.மீ. இதில் பாதி, அதாவது 15 மி.மீ. செலவாகும் வரை புல்லுக்குத் துன்பமில்லை. ஆகவே இரண்டு நாட்களுக்கு ஒரு முறை, செலவான 12.8 மி.மீ. நீரைத் திருப்பி வரவு வைத்தால் போதுமானது.

குளிர்காலத்திலோ நீராவிப்போக்கு 2 மி.மீ. ஆகக் குறைகிறது. புல்லின் பற்று 1.6 மி.மீ. மட்டுமே. வாரம் ஒரு முறை 11.2 மி.மீ. விட்டால் போதும். கோடைக்குக் குறித்ததையே மாற்றாமல் விட்டிருந்தால், வேண்டியதைப்போல் நான்கு மடங்கு நீர் செலவாகியிருக்கும் அன்றோ? ஸ்மார்ட் கருவியால் வரும் ஆதாயத்தின் பெரும்பகுதி இவ்விடத்தில்தான் உள்ளது.

இன்னொரு நன்மையும் உண்டு. நிலையாக நின்று விசிறும் சிறு தெளிப்பான் மணிக்குச் சுமார் 38 மி.மீ. நீரைக் கொட்டும். வண்டல் மண் மணிக்கு 10 முதல் 20 மி.மீ. வரையே உறிஞ்சும், களிமண் 5 மி.மீ. கூட உறிஞ்சாது. மேற்சொன்ன 12.8 மி.மீ. நீருக்கு 20 நிமிடம் வேண்டும். அதனை ஒரே மூச்சில் விட்டால் ஒரு பகுதி தெருவில் ஓடிவிடும். நல்ல கருவி அதனை ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு தவணைகளாக்கி, இடையே மண் உறிஞ்ச அவகாசம் தரும். தவணை முறையின் அருமை கூட்டுறவாளர்க்குப் புதிதன்று.

கட்டணம் கூடியது ஏன்?

இனிப் பெரியவரின் வினாவுக்கு வருவோம். கருவி வாங்கிய எல்லோருக்கும் செலவு குறைவதில்லை என்பதே உண்மை. கலிபோர்னியாவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் நடந்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. அதன்படி, மொத்தத்தில் குறைந்த நீர் சுமார் 6 விழுக்காடே. ஏறத்தாழ 42 விழுக்காடு இடங்களில் நீர்ச் செலவு கூடியே இருந்தது. காரணம் வெளிப்படை. முன்பு அளவுக்கு மிஞ்சி விட்டவர்க்குக் கருவி குறைத்துக் கொடுத்தது. முன்பு சிக்கனமாக, புல் சற்று வாடினும் பொறுத்து வந்தவர்க்கு, "புல்லுக்கு இவ்வளவு வேண்டும்" என்று கூட்டிக் கொடுத்தது. பேரேட்டுக்குப் புல்லின் தேவை தெரியும். வீட்டுக்காரரின் சிக்கனம் தெரியாது.

இரண்டாவது காரணம், ஆய்வாளர்களாகிய நாம் அன்றாடம் காண்பது: தொடக்க இருப்பும் விகிதமும் தவறாக எழுதப்படுதல். இன்ன மண், இன்ன செடி, வெயிலா நிழலா, இன்ன வகைத் தெளிப்பான் என்று ஒவ்வொரு பகுதிக்கும் கருவியிடம் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பெட்டியில் முன்பே பதிந்துள்ள ஏதோ ஓர் அளவை அது எடுத்துக்கொள்ளும்.

இதனை மனத்திற்கொண்டு, மகளாரிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லும்படி பெரியவரைக் கேட்டுக்கொண்டோம். ஒரே அளவான, நேர்ப்பக்கமுள்ள தகர டப்பாக்கள் பத்தினைப் புல்தரையில் பரப்பி வைத்து, 15 நிமிடம் தெளிப்பானைத் திறந்து, ஒவ்வொன்றிலும் நின்ற நீரை அளவுகோலால் அளந்து, சராசரியை நான்கால் பெருக்க வேண்டும். அதுவே மணிக்கு விழும் நீர். காலணாச் செலவில்லாத சோதனை இது.

சில நாட்களில் விடை வந்தது. டப்பாக்களின் சராசரி 9.5 மி.மீ.; ஆகவே மணிக்கு 38 மி.மீ. கருவியில் பதிந்திருந்ததோ, மெல்லச் சுழன்று தெளிக்கும் வகைக்குரிய 12 மி.மீ.! இரண்டு நாளைக்குரிய 12.8 மி.மீ. விடுவதற்கு அப்பெட்டி 20 நிமிடத்துக்குப் பதிலாக 64 நிமிடம் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. புத்தகத்தில் வரவு 12.8, மண்ணில் விழுந்தது 40 மி.மீ. முழு இருப்பே 30 கொள்ளும் மண்ணில் 40 ஊற்றினால், எஞ்சியது வேருக்குக் கீழே இறங்கும், அல்லது தெருவில் ஓடும். பேரேட்டில் ஒரு பிழையும் இல்லை. கூட்டலும் கழித்தலும் சரியே. ரசீதில் எழுதிய தொகையும் கல்லாவில் விழுந்த தொகையும்தான் வேறு! இவ்வகைக் கணக்குகளை நாம் சங்கங்களிலும் கண்டதுண்டு.

கவனிக்க வேண்டியவை

இக்கருவி வைத்திருக்கும் உற்றார் உறவினர் உள்ள அங்கத்தினர்கள் அவர்களுக்குக் கீழ்க்கண்டவற்றை எழுதலாம்.

முதலாவது, டப்பாச் சோதனை செய்து, கிடைத்த எண்ணைக் கருவியில் பதிய வேண்டும். டப்பாவுக்கு டப்பா நீர் மிகவும் வேறுபட்டால், முதலில் தெளிப்பான்களைச் சீர் செய்ய வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் விட்ட மறுநாள் நீண்ட திருப்புளி ஒன்றை மண்ணில் குத்திப் பார்க்க வேண்டும். எவ்வளவு ஆழம் எளிதில் இறங்குகிறதோ அவ்வளவே ஈரம் சென்றுள்ளது. இது நேரில் இருப்பைச் சரிபார்ப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, உடைந்த தெளிப்பானையும் ஒழுகும் குழாயையும், நீரோட்ட அளவி இணைக்கப்படாத கருவி அறியாது. மாதம் ஒரு முறை பகலில் ஓடவிட்டுக் கண்ணால் பார்ப்பது அவசியம்.

நான்காவது, நகரத்தின் அனுமதி நாட்களைக் கருவியில் பதிய வேண்டும். இணையம் அறுந்தால் அது எந்தத் திட்டத்தின்படி நடக்கும் என்பதையும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

தோப்புக்கு வாங்கலாமா?

தென்னந்தோப்பு அன்பருக்கு நாம் கூறிய விடை இது: கருவியை வெறுக்க வேண்டாம், ஆனால் அதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் உள்ள சொட்டுவான் ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் விடுகிறது என்று பாத்திரம் வைத்து அளந்து எழுதுங்கள். வரப்பில் ஒரு மழைமானி வையுங்கள். மோட்டார் ஓடிய மணி, பெய்த மழை, கடப்பாரையால் குத்திக் கண்ட ஈரம் ஆகிய மூன்றையும் மூன்று மாதம் எழுதி வாருங்கள். அடைபட்ட சொட்டுவான்கள் எத்தனை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை எந்த மூளையுள்ள கருவியும் திறந்து தராது. நோட்டுப் புத்தகம் சரியாக நின்றபின், நள்ளிரவில் வால்வு திறக்கும் சிரமத்தைக் குறைக்க வேண்டுமெனில் கருவியை வாங்குங்கள். அப்போது அது உங்களுக்கு எழுத்தராக இருக்கும், எசமானாக இராது.

பெரியவர் சிரித்தார். மகள் வீட்டுப் புல்தரையில் பாதியைப் பெயர்த்துவிடப் போவதாகவும், ஆணையம் அதற்குப் பணம் தருமாம் என்றும் அவர் தெரிவித்தார். நெசவாளர் அன்பருக்கு அவ்விடையே பெரிதும் பிடித்திருந்தது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அளப்பவர் நாமாக இருப்பின், எக்கருவியும் நமக்கு உதவும். அளவையே கருவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால், பாலைவனத்து ஏரியும் தாழும். நம்மூர்க் கிணறும் தாழும். சங்கத்தின் கணக்கை ஆண்டுக்கு ஒரு முறையேனும் அங்கத்தினர்கள் நேரில் கேட்டறிவதுபோல், தத்தம் நிலத்தின் நீர்க் கணக்கையும் கேட்டறிந்து வருவார்களாக.