நடு ஊர்ல வீடு... கார் எங்கே நிறுத்துறது? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அபார்ட்மென்ட்வாசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு ஃபிளாட். ரெண்டு பெட்ரூம், தண்ணீர் வசதி, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரம். விலையும் ஒத்துவருகிறது. அட்வான்ஸ் கொடுத்து சாவி வாங்கிய பிறகுதான் கேள்வி வருகிறது: "காரை எங்கே போடுறது?"

சென்னை, மதுரைவாசிகளின் கவலையாக இருந்த பார்க்கிங் பிரச்னை, இப்போது ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி ராஜபாளையத்தில் சுமார் 1.30 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம் பேர். ஊர் வளர்ந்தது, வண்டிகள் பெருகின. தெருக்கள் மட்டும் மாட்டு வண்டிக் காலத்து அகலத்திலேயே நிற்கின்றன.

ரோட்டு ஓரத்தில் நிரந்தரமாக நிறுத்தலாமா? பில்டர் பார்க்கிங்குக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டுமா? மாத வாடகைக்கு இடம் பிடிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

இந்த ரெண்டு ஊரிலும் ஏன் இவ்வளவு நெருக்கடி?

முதல் காரணம், திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை (என்.ஹெச். 744). இது இரண்டு ஊர்களையும் ஊடுருவிச் செல்கிறது. குற்றால சீசனில் அருவிக்குப் போகிற கூட்டம், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் என்று வெளியூர் வண்டிகள் வரிசை கட்டும். அந்த நாட்களில் மெயின் ரோட்டை ஒட்டி ஓர் இடம் கிடைப்பதே பெரிய விஷயம்.

இரண்டாவது, ஸ்ரீவில்லிபுத்தூரின் கோயில் அமைப்பு. ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளும் ரத வீதிகளும் சாமி புறப்பாட்டுக்காகவும் தேருக்காகவும் அமைந்தவை. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ரத வீதியில் ஒரு சைக்கிள்கூட நிற்க முடியாது. அங்கே குடியிருப்பவர்கள் திருவிழாவுக்கு முன்பே காரை அப்புறப்படுத்தியாக வேண்டும்.

மூன்றாவது, பழைய கட்டடங்கள். காரைப் பற்றி யாரும் யோசிக்காத காலத்தில் கட்டிய வீடுகளை இடித்துவிட்டு, அதே மனையில் நான்கு, ஆறு ஃபிளாட்கள் எழும்புகின்றன. கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கில் மூன்று கார் நிற்கும். குடியிருப்பதோ ஆறு குடும்பம்.

தெரு ஓரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்?

"நம்ம வீட்டு வாசல்தானே" என்பதுதான் பலரின் நினைப்பு. வீட்டுக்கு முன்னால் இருந்தாலும் தெரு பொது இடம். அதில் யாருக்கும் தனி உரிமை கிடையாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவோ, சக்கரத்தில் பூட்டுப் போடவோ சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்துச் சென்ற செலவும் வண்டிக்காரர் தலையில்தான். இடையூறாக நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் அபராதம்.

நடைபாதை, தெரு முனை, வளைவு, பஸ் நிறுத்தம், அடுத்தவர் வீட்டு கேட், ஏற்கெனவே ஒரு வண்டி நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே... இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது என்பது விதி. கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊர் சந்துகளில் அதிகம் மீறப்படுவது.

அபராதத்தைக் கட்டிவிடலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து, தெரு முனையில் நிற்கிற காரால் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் போனால்? தீயணைப்பு வண்டிக்கும் இதே கதிதான்.

பில்டர் பார்க்கிங்கைத் தனியாக விற்கலாமா?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்ட் 31-ல் முக்கியமான தீர்ப்பு அளித்தது. மும்பை பஞ்சாலி குடியிருப்பு வழக்கில், ஸ்டில்ட் பார்க்கிங் என்பது குடியிருப்போருக்கான பொதுப் பகுதி, அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்றாலும், நாடு முழுக்க இந்த விவகாரத்தில் எடுத்துக்காட்டப்படுவது இதுதான்.

அடுத்து வந்தது 2016-ம் ஆண்டின் ரேரா சட்டம். திறந்தவெளி பார்க்கிங் பொதுப் பகுதி என்று அது தெளிவாகச் சொல்கிறது. 'கராஜ்' என்றால் மேற்கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருக்க வேண்டும். நான்கு தூணுக்கு நடுவே வெள்ளைக் கோடு போட்டுக் கொடுப்பது கராஜ் ஆகாது.

ஆனால் ஒரு சிக்கல். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்றால்தான் ரேரா பதிவு கட்டாயம். சிறிய ஊர்களில் கட்டப்படும் பல அபார்ட்மென்ட்கள் இந்த வரம்புக்குள் வருவதில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. கொடுப்பதாகச் சொன்ன பார்க்கிங்கைக் கொடுக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட அளவிலேயே விசாரணை. விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பது உள்ளூர்க்காரர்களுக்கு வசதி. பிரச்னை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

வாங்கும் முன், வாடகைக்குப் போகும் முன்

* அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் எத்தனை கார் பார்க்கிங் காட்டியிருக்கிறது, நேரில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். பார்க்கிங் இடத்தில் கடையோ குடோனோ இருந்தால் உஷார்.

* "வாய்ப்பேச்சு போதும், நம்ம ஆளுதான்" என்று விடாதீர்கள். ஒதுக்கப்பட்ட இடம் எது என்பது பத்திரத்திலோ ஒதுக்கீட்டுக் கடிதத்திலோ எழுத்தில் இருக்க வேண்டும்.

* உங்கள் காரையே கொண்டுபோய் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். தூணுக்கும் சுவருக்கும் நடுவே வண்டி போகும், ஆனால் கதவு திறக்காது. இது நிறைய இடத்தில் நடக்கிறது.

* வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்திலேயே பார்க்கிங்கைச் சேருங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருப்பது கட்டாயம்.

மாத வாடகைக்கு இடம் தேடுகிறீர்களா?

அபார்ட்மென்ட்டில் இடமே இல்லை என்றால், பத்து நிமிட நடைக்குள் காம்பவுண்ட் போட்ட காலி மனை, பழைய குடோன், பெரிய வீட்டு முற்றம், ஓடாத செட் ஆகியவற்றை விசாரிக்கலாம். ஆன்லைனில் தேடுவதைவிட டீக்கடை, இஸ்திரிக் கடை, வாட்ச்மேன்களிடம் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். கார் இல்லாத பக்கத்து ஃபிளாட்காரரின் இடத்தைக் கேட்டுப் பார்ப்பதும் நல்ல வழி.

கல்யாண மண்டப வளாகம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் முகூர்த்த நாளில் வண்டியை எடுக்கச் சொல்வார்கள். ரயில் நிலைய பார்க்கிங், பொதிகையில் சென்னை போய் வருகிறவர்களுக்குச் சரி. மாதக்கணக்கில் விட்டுவைக்க ஏற்றதல்ல.

இடத்தைப் பேசி முடிப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்:

* இடம் யாருடையது? கோயில் இடமா, புறம்போக்கா? அப்படி என்றால் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம்.

* ஓடை ஓரம், கண்மாய்க்கரைப் பள்ளம் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் இன்ஜின் வரை வந்துவிடும்.

* தென்னை மரத்தடி நிழல் சுகம்தான். ஒரு தேங்காய் விழுந்தால் கண்ணாடி போச்சு.

* ராத்திரி கேட் பூட்டப்படுமா? அவசரத்துக்குச் சாவி யாரிடம்? வாடகை எவ்வளவு, காலி செய்ய எத்தனை நாள் அவகாசம்? ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

நாள்கணக்கில் நிற்கும் காருக்கு...

வாரம் ஒருமுறை 20 நிமிடமாவது ஓட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லை என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடலாம். ஹேண்ட்பிரேக்கை இழுத்தே வைத்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது. எலி ஒயரைக் கடிக்கும், பானெட்டைத் திறந்து பாருங்கள்.

வண்டிதான் ஓடலையே என்று இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி இருந்தால் திருட்டு, தீ, வெள்ளச் சேதத்துக்குப் பைசா கிடைக்காது.

ஜப்பானில் எப்படி?

அங்கே 1962-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்று வாங்கினால்தான் கார் வாங்க முடியும். சென்னையிலும் இப்படி ஒரு யோசனை பேசப்பட்டு வருகிறது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அந்தச் சட்டம் எப்போது வருமோ தெரியாது. ஆனால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், காருக்கு புக்கிங் போடுவதற்கு முன்னால், "எங்கே நிறுத்துறது?" என்று ஒரு நிமிடம் யோசிக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை.