பாட்டுப் பெட்டிக் கம்பெனி துப்பாக்கி செய்த கதை தெரியுமா?!

காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸைப் பழைய படங்களில் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பாட்டுப் பெட்டியைச் செய்த ஒரு கம்பெனி, 2,28,500 ராணுவத் துப்பாக்கிகளையும் செய்து குவித்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்! கம்பெனியின் பெயர் ராக்-ஓலா. ஊர் சிகாகோ. துப்பாக்கியின் பெயர் எம்1 கார்பைன்!

இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால் அமெரிக்காவில் இன்றும் அதே உருவம், அதே அளவு, அதே தோட்டாவுடன் புத்தம் புதிய ‘பழைய’ கார்பைன்கள் விற்பனைக்கு வருகின்றன! வாங்க ஒரு கூட்டம், சுட ஒரு கூட்டம், அசலா நகலா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க ஒரு கூட்டம்! உள்ளே போவோமா?

கார்பைன் என்றால் என்ன தெரியுமா?

குதிரைவீரனுக்காகக் குட்டையாக்கிய துப்பாக்கி! நீளக் குழலோடு குதிரை மேல் ஏறி இறங்க முடியுமா? அதனால் குழலைக் குறைத்தார்கள். இத்தாலியில் 1814-ல் தொடங்கிய காராபினியேரி போலீஸ் படைக்குப் பெயர் வந்ததே இந்தத் துப்பாக்கியால்தான்! இந்தியாவில் ராணுவமும் போலீசும் பல காலம் ‘கார்பைன்’ என்று சொல்லி வந்தது ஸ்டெர்லிங் வகை 9 மி.மீ. துப்பாக்கியை. நாம் பேசப்போகும் எம்1 வேறு ஜாதி!

சமையல்காரருக்காகப் பிறந்த துப்பாக்கி!

ஆமாம்! லாரி ஓட்டுபவர், சமையல்காரர், குமாஸ்தா, பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுப்பவர்... இவர்களுக்கெல்லாம் கைத்துப்பாக்கி போதாது, பெரிய ரைபிள் சுமை. நடுவில் ஒன்று வேண்டும் என்றது அமெரிக்க ராணுவம். 1941-ல் வந்தது எம்1 கார்பைன். அன்றைய கேரண்ட் ரைபிளின் எடை 4.3 கிலோ. கார்பைன் எவ்வளவு? வெறும் 2.4 கிலோ! பின்வரிசைக்காரர்களுக்காகச் செய்தது கடைசியில் முன்வரிசைக்கே போய்விட்டது!

எண்களைக் கேட்டால் தலை சுற்றும்!

மொத்தம் செய்தது: 60 லட்சத்துக்கும் மேல்!

செய்து முடிக்க ஆன காலம்: 1942 நடுவிலிருந்து 1945 ஆகஸ்ட் வரை, சுமார் 38 மாதம்தான்! மாதத்துக்குச் சராசரி ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது!

நீளம்: சுமார் 90 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு கிரிக்கெட் மட்டை நீளம்தான்!

மேகஸினில்: 15 தோட்டா.

குண்டின் எடை: சுமார் 7 கிராம். வேகம்? நொடிக்கு 600 மீட்டர்! ஒலியைப் பின்னால் விட்டுவிட்டு ஓடும் வேகம்!

டைப்ரைட்டர், ஸ்டீயரிங், கம்ப்யூட்டர்... எல்லாரும் துப்பாக்கிக்காரர்கள்!

ராக்-ஓலா மட்டுமா? டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட் கம்பெனி 5 லட்சத்துக்கும் மேல் செய்தது! தபால் உறைக்கு முத்திரை குத்தும் இயந்திரம் செய்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல்! கார் ஸ்டீயரிங் செய்த சாகினா கம்பெனி 5 லட்சத்தைத் தாண்டியது! ஜெனரல் மோட்டார்ஸின் இன்லண்ட் பிரிவு மட்டும் 26 லட்சம்! ஏன், ஐபிஎம்கூட 3,46,500 கார்பைன்களைச் செய்தது! கம்ப்யூட்டர் கம்பெனி என்று நாம் சொல்லும் அதே ஐபிஎம்தான்!

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. டைப்ரைட்டர் கம்பெனியின் உதிரிபாகத்தை எடுத்து ஜூக்பாக்ஸ் கம்பெனியின் துப்பாக்கியில் மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும்! ராணுவம் போட்ட நிபந்தனையே அதுதான். போருக்குப் பின் பழுது பார்த்தபோது எல்லாவற்றையும் கலந்து மாட்டிவிட்டார்கள். அதனால் எல்லா உறுப்பிலும் ஒரே கம்பெனிக்கு உரிய முத்திரை உள்ள அசல் கார்பைன் கிடைத்தால் சேகரிப்பாளருக்குத் தூக்கம் வராது!

தோற்ற கம்பெனிக்குத்தான் மவுசு!

இர்வின்-பெடர்சன் என்று ஒரு கம்பெனி. அவர்களின் கார்பைன் ராணுவச் சோதனையில் தேறவே இல்லை! 1943-ல் ஒப்பந்தம் பறிபோனது, ஆலை சாகினாவின் கைக்கு மாறியது. இன்று? அந்தப் பெயர் பொறித்த கார்பைன்தான் தேடித் தேடி வாங்கும் பொருள்!

இன்னொன்று கேளுங்கள். தபால் முத்திரை இயந்திரக் கம்பெனி போர்க்காலத்திலேயே பெயரை மாற்றிக்கொண்டது. புதுப் பெயரில் வந்த கார்பைன்கள் எத்தனை தெரியுமா? 239! லட்சக்கணக்கில் செய்தவர்கள், புதுப் பெயரில் 239!

சிறைக்குள் பிறந்த சூட்சுமம்!

வட கரோலினாவில் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்று ஓர் இளைஞர். தொழில் கள்ளச்சாராயம்! 1921-ல் அவருடைய ஊறலைப் பிடிக்க வந்த அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வில்லியம்ஸ் சிறைக்குப் போனார். அங்கே சும்மா இருந்தாரா? சிறைப் பட்டறையிலேயே துப்பாக்கி இயங்குமுறைகளை வடிவமைத்தார்! கைதி கையில் துப்பாக்கிப் பட்டறை! 1929-ல் விடுதலையானார்.

அவர் யோசித்த குட்டை பிஸ்டன்தான் எம்1 கார்பைனின் உயிர்நாடி. தோட்டா வெடித்த வாயு அந்த பிஸ்டனைத் தள்ளும். எவ்வளவு தூரம்? அரை சென்டிமீட்டர்கூட இல்லை! அந்தச் சின்னத் தட்டலில் காலித் தோட்டா வெளியே பறக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும்!

1952-ல் அவர் வாழ்க்கை ஹாலிவுட் படமானது. நடித்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்! படத்தைப் பார்த்தால் கார்பைனையே அவர் ஒருவர் செய்ததுபோல் இருக்கும். உண்மையில் முதல் மாதிரியை உருட்டிச் சேர்த்தது வின்செஸ்டர் கம்பெனியின் ஒரு குழு. எத்தனை நாளில்? 13 நாளில்!

பொத்தான் மாறினால் வேட்டு காலி!

ஆரம்பகால கார்பைனில் பாதுகாப்புப் பூட்டும் ஒரு பொத்தான், மேகஸினைக் கழற்றுவதும் ஒரு பொத்தான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்! எதிரி வரும்போது பூட்டைத் திறக்க அழுத்தினால், தோட்டாக்கள் நிறைந்த மேகஸின் காலடியில் தொப்பென்று விழும்! பிறகு பூட்டைத் திருகு நெம்புகோலாக மாற்றினார்கள். ஒரு சின்ன பொத்தான், எத்தனை இதயத் துடிப்பு!

எண்ணெய்ப் புட்டியே கொக்கி!

தோள்வாரை மரக்கட்டையில் மாட்டக் கொக்கி எங்கே என்று தேடுவீர்கள். கிடைக்காது! விரல் நீள எண்ணெய்ப் புட்டியை மரத்தில் வெட்டிய பள்ளத்தில் செருகினால் அதுவே வாரைப் பிடித்துக்கொள்ளும்! துப்பாக்கிக்கு எண்ணெயும் ஆச்சு, வாருக்குப் பிடிப்பும் ஆச்சு! இன்றைய நகல்களிலும் இந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது!

20 டாலருக்கு ஒன்று!

1963-ல் அமெரிக்க அரசு மிச்சமிருந்த கார்பைன்களைத் தேசிய ரைபிள் சங்க உறுப்பினர்களுக்கு விற்றது. விலை? 20 டாலர்! இன்று அசல் ஒன்று வேண்டுமா? ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும்! பாராசூட் வீரர்களுக்காக மடக்கு கம்பிப் பிடியோடு இன்லண்ட் மட்டுமே செய்த எம்1ஏ1 என்றால் இன்னும் பல மடங்கு! அதற்காகவே புதிய மடக்குப் பிடியைப் பழைய கார்பைனில் மாட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. உஷார்!

நகல் எப்படி வந்தது தெரியுமா?

மலையாகக் கிடந்த ராணுவ உதிரிபாகங்களால்தான்! 1960-களில் ஃப்ளோரிடாவின் யுனிவர்சல் போன்ற கம்பெனிகள் அவற்றைப் பொறுக்கி எடுத்துப் புதுக் கார்பைன் பூட்டின. உதிரிபாகம் தீர்ந்ததும் சொந்தமாகச் செய்தார்கள். அங்கேதான் சிக்கல்! பிற்கால யுனிவர்சலின் பல பாகங்கள் அசலில் பொருந்தாது. ‘யாருடையதும் யாருக்கும் பொருந்தும்’ என்று பிறந்த துப்பாக்கிக்கு, யாருக்கும் பொருந்தாத ஒரு தம்பி!

இந்த நூற்றாண்டில் ஆட்டோ-ஆர்ட்னன்ஸ் என்ற பெயரில் புதுக் கார்பைன்கள் வந்தன. தாம்சன் துப்பாக்கியால் புகழ்பெற்ற பெயர் அது! போர்க்காலத்தில் அந்தப் பெயர்கொண்ட கம்பெனி ஐபிஎம்முக்குக் கார்பைன் பாகங்கள் செய்து கொடுத்திருக்கிறது.

இன்லண்ட் பெயரும் ஒஹாயோவின் டேட்டனில் மறுபிறவி எடுத்தது! பழைய ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவு இல்லை. பெயரும் ஊரும்தான் அதே. அவர்கள் பட்டியலில் ‘1944’ ரகம், ‘1945’ ரகம் என்று இரண்டு இருந்தன! முன்னதில் பயனெட் மாட்டும் கொக்கி கிடையாது, பின்னதில் உண்டு. பிறந்த வருஷத்தை நாமே தேர்ந்தெடுத்து வாங்கும் வசதி வேறெந்தப் பொருளுக்கு உண்டு?

எதிரிகள் மூவருமே நகல் எடுத்தார்கள்!

இது உச்சம்! இந்தத் துப்பாக்கி யாரை எதிர்த்துப் போரிட்டது? ஜெர்மனி, ஜப்பான், இத்தாலி. போருக்குப் பின் என்ன நடந்தது?

ஜெர்மன் ராணுவத்துக்கு எம்பி40 துப்பாக்கி செய்து கொடுத்த எர்மா கம்பெனி, கார்பைனின் .22 நகலைச் செய்து விற்றது!

ஜப்பானில் ஹோவா கம்பெனி அதே கார்பைனை வேட்டைக்காரர்களுக்காக வெளியிட்டது!

இத்தாலியின் கியாப்பா கம்பெனி 9 மி.மீ. நகலைக் கொண்டுவந்தது. அதில் மாட்டுவது எதன் மேகஸின் தெரியுமா? பெரெட்டா 92 கைத்துப்பாக்கியின் மேகஸின்!

தோற்றவர்கள் மூவரும் ஜெயித்தவரின் துப்பாக்கியைச் செய்திருக்கிறார்கள்!

சுட்டால் எப்படி இருக்கும்?

தோளில் உதை மிகக் குறைவு! தோட்டாவின் சக்தி கேரண்ட் தோட்டாவின் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். முதல்முறை ராணுவ ரைபிள் பிடிப்பவருக்குக்கூடப் பயம் தெளியும். ஆனால் சத்தம்? காதுக் கவசம் இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள்!

நகல் வாங்கியவர் முதலில் திட்டுவது எதை? மேகஸினை! தோட்டா சிக்கினால் அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் வைத்தியம், ‘நல்ல ராணுவ மேகஸின் ஒன்றைப் போட்டுப் பார்’. 80 வயது தகரப் பெட்டி, புதுத் துப்பாக்கிக்கு மருந்து!

கொரியப் போரில் எதிரியின் உறைந்த பஞ்சுக் கோட்டில் கார்பைன் குண்டு நுழையவில்லை என்று கதை கேட்டிருக்கிறீர்களா? பிற்காலத்தில் பலர் துணியை நனைத்து உறைய வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். குண்டு துளைத்துக்கொண்டு போனது! கடுங்குளிரில் இயங்குமுறை மக்கர் செய்தது மட்டும் உண்மை.

சட்டம் போடும் குட்டிக்கரணம்!

அமெரிக்க மத்தியச் சட்டப்படி 50 வயது தாண்டிய துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு. கட்டணம் 3 ஆண்டுக்கு 30 டாலர். அது இருந்தால் போரில் சுட்ட அசல் கார்பைன் வீட்டு வாசலுக்கே வரும்! நேற்று செய்த நகல்? கடைக்காரர் வழியாகத்தான் வர வேண்டும்!

இன்னும் வேடிக்கை! 1800-களின் ஷார்ப்ஸ் கார்பைன், காகிதத் தோட்டாவும் தனி வெடிமூடியும் கொண்டது. அதன் நகல் போன வாரம் செய்ததாக இருந்தாலும், மத்தியச் சட்டத்தின் கண்ணில் அது ‘பழம்பொருள்’! மாநிலச் சட்டங்கள் வேறு பாட்டுப் பாடும் என்பது தனிக் கதை.

தொடர்ந்து சுடும் எம்2 கார்பைன்? 1986 மே மாதத்துக்குப் பின் அதைப் பொதுமக்களுக்காகப் புதிதாகச் செய்யவே முடியாது. அதனால் கடையில் வரும் நகல் எல்லாம் ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டுதான்!

பைபிள் பெட்டியில் கார்பைன்!

அந்த ஷார்ப்ஸுக்கு ஒரு செல்லப்பெயர் தெரியுமா? ‘பீச்சரின் பைபிள்’! 1850-களில் கான்சாஸில் அடிமை முறையை எதிர்த்தவர்களுக்கு அவற்றைப் புத்தகப் பெட்டி என்று எழுதி அனுப்பினார்களாம்! அதை ஆதரித்த பீச்சர் ஒரு பாதிரியார்.

பர்ன்சைட் கார்பைன் செய்த ஜெனரல் பர்ன்சைடின் கன்னமீசைதான் ஆங்கிலத்துக்கு ‘சைட்பர்ன்ஸ்’ என்ற சொல்லையே கொடுத்தது! சலூனில் நாம் சொல்லும் கிருதாவுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கிக்காரர்!

ஏழு குண்டு ஸ்பென்சர் துப்பாக்கியை 1863 ஆகஸ்டில் அதிபர் லிங்கனே சுட்டுப் பார்த்தார்! ஸ்பென்சர் கம்பெனி எங்கே இயங்கியது தெரியுமா? பாஸ்டனில், பியானோ ஆலை ஒன்றின் கட்டிடத்தில்! 80 ஆண்டு கழித்து ஜூக்பாக்ஸ் ஆலை. சங்கீதத்துக்கும் கார்பைனுக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ!

இவற்றின் இன்றைய நகல்கள் பெரும்பாலும் பிறப்பது இத்தாலியின் பிரெஷா வட்டாரத்தில்! பெரெட்டா 1526 முதல் தொழில் செய்யும் பூமி அது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கார்பைன், இத்தாலியக் கைகளில்!

பூந்தொட்டி உடைக்கும் போட்டி!

1950-ல் தொடங்கிய வட-தென் போட்டிச் சங்கத்தினர் உள்நாட்டுப் போர்க்காலச் சீருடை அணிந்து, கடிகாரத்தை எதிர்த்துக் கார்பைன் சுடுகிறார்கள். இலக்கு? பூந்தொட்டி, களிமண் தட்டு! நகல்களுக்கும் அனுமதி உண்டு.

எம்1 கார்பைனுக்கோ ஒஹாயோவின் கேம்ப் பெரியில் போட்டி. அந்த மைதானம் போர்ட் கிளின்டன் ஊரை ஒட்டியிருக்கிறது. போர்க்காலத்தில் ஸ்டாண்டர்ட் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 2,47,160 கார்பைன்களைச் செய்தது எந்த ஊரில் தெரியுமா? அதே போர்ட் கிளின்டனில்!

அசலா, நகலா?

சேகரிப்பாளர்கள் பலரும் இரண்டையும் வைத்திருக்கிறார்கள்! முத்திரை மங்கக்கூடாத அசல் அலமாரிக்கு. கவலையில்லாமல் சுடப் புது நகல் தோளுக்கு! கீறல் விழுந்தால் அசலில் மனசு வலிக்கும், நகலில் துடைத்துப் போட்டுவிடலாம்!

சரி, நம் ராக்-ஓலா என்ன ஆனது? கார்பைனை மூட்டை கட்டிவிட்டுப் பழைய தொழிலுக்கே திரும்பியது. அதன் கார்பைன் முத்திரைக்குச் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரில் இன்றும் புதிதாக வருவது என்ன தெரியுமா? ஜூக்பாக்ஸ்தான்!